நாப்பது தோலுக்குக் காசு சுண்டுன கதை

...கோட்டிப்பய போட்ட கணக்குன்னு எழுதும்வே. ஆமா, அப்படியே எழுதும். கோட்டி, கிறுக்கு, அதுக்கு இங்கிலீஷ்ல என்னமும் ஒரு வார்த்தை இல்லாமலா போயிரும்? மரியாதையா எழுதணுமா... முதலாளிக்கு மரியாதை குடும், நான் வேண்டாங்கல. அந்தக் கணக்குக்காரப் பயலுக்கு எதுக்கு மரியாதை? காதுல ஒரு பென்சிலைச் சொருகிக்கிட்டு வந்தான், எங்க முப்பத்தெட்டுப் பேரு சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டான். திங்கக்கிழமை மொத வேகன்ல தோலு ரயில் ஏறுது. அதுக்குள்ள இந்த மனு முதலாளி கையில இருக்கணும். அதுக்குத்தான் வெள்ளனே வந்து உம்ம முன்னால குத்தவச்சிருக்கேன்.

நாத்தம் அடிக்குதோ? தள்ளித் தள்ளிப் போறீரே. பத்து நிமிசம் இரும், மூக்கு தானாப் பழகிரும். தாராவிப் போஸ்டாபீசு வாசல்ல பொட்டியப் போட்டு உக்காந்துக்கிட்டுத் தோல் நாத்தம் ஆகாதுன்னா எப்படி? நீரு புதுசு, சரி. எந்தூரு... சாத்தூரா. பேரு... சுயம்பு. நல்ல பேரு. உமக்கு முன்னால இங்கன ஒரு மராட்டிக் கெழவரு இருந்தாரு. நல்ல மனுசன்தான். ஆனா நான் தமிழ்ல அழுவேன், அவரு மராட்டியில கேப்பாரு, கடைசியில இங்கிலீஷ்ல எழுதுவாரு. ஊருல அதை வாசிக்க ஸ்கூல் வாத்தியாரைத் தேடி அலைவாவ. நம்ம பாஷை தெரிஞ்ச ஆளு வந்தது நல்லதாப் போச்சு. சரி, எதுல விட்டேன்... ம், கோட்டிப்பய.

என் பேரு பிச்சையா. தோல்ஷாப்புல பட்டைத்தொட்டி மேஸ்திரி. பத்தொன்பது வருசமா மேஸ்திரின்னு போடும். வெறும் பச்சைத்தோலு செருப்புக்கும் பூட்ஸுக்கும் ஆகுற தோலா மாறணும்னா, சுண்ணாம்புல போட்டு, மயிரைச் சொரண்டி, கழுவி, பொறவு மரப்பட்டையை இடிச்சு ஊறவச்ச தண்ணியில நாப்பது நாளு கெடக்கணும். பட்டை நல்லாருந்தாத் தோலு நல்லாருக்கும், அம்புட்டுத்தான் தொழிலு. தொட்டியில ஒரு விரலை விட்டு நாக்குல வச்சேன்னா, அது எந்த மரத்துப் பட்டை, இடிச்சு எத்தனை நாளாச்சு, இடிச்சவ மனசோட இடிச்சாளா இல்ல புருசன்கூடச் சண்டை போட்டுட்டு வந்து இடிச்சாளாங்கற வரைக்கும் சொல்லிருவேன். சிரிக்காதேயும். ஷாப்புல வந்து கேட்டுப் பாரும்.

இப்படி ஒரு நாக்கு ஷாப்புல இருக்கும்போது முதலாளிக்கு எதுக்குக் கணக்குக்காரன்? கேளும். அது யுத்தம் பண்ணுன வேலை. பட்டாளத்துப் பூட்ஸுக்கு நாங்கதான் தோலு குடுத்தோம். ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரு வருவான். ஐநூறு தோலு அடுக்கியிருக்கும். இங்கன ஒண்ணு அங்கன ஒண்ணா இருபது தோலை உருவுவான். அந்த இருபதுல மூணு சொத்தைன்னா ஐநூறையும் திருப்பிக் கொண்டுபோன்னுருவான். மிச்சம் நானூத்தி எண்பதும் என்னவே பாவம் செஞ்சுது? நான் கோவத்துல ஒருக்கா அம்புட்டையும் பிரிச்சுப் போட்டுப் பாத்தேன். அவன் சொன்ன வீதத்துலதான் சொத்தை இருந்துது. அத விடும், குருட்டாம்போக்குல எவனுக்கும் ஒருதடவை பலிக்கும். ஆனா முதலாளி அதுல மயங்கிட்டாரு. இருபதைப் பாத்து ஐநூறைச் சொல்லுதானே, இந்த வித்தை நமக்கு வேணுமேன்னு நாலு வருசமா அவருக்கு அதே நெனைப்பு.

யுத்தம் முடிஞ்சதும் பக்கத்து மாட்டுங்காவுல இருந்து இந்தப் பயலைப் பிடிச்சுக் கொண்டாந்தாரு. சந்திரமௌலின்னு பேரு. அய்யரு வீட்டுப் பிள்ளை, இருபத்திநாலு வயசு. எண்ணுறதுக்குன்னே கல்கத்தாவுல போயி ஒரு படிப்புப் படிச்சானாம். எண்ணுறதுக்குப் படிப்பு, அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு, அதுக்கு ஒரு சம்பளம். முத நாளு ஷாப்புக்குள்ள வரும்போது கைக்குட்டையில செண்டு தெளிச்சு மூக்கை மூடிக்கிட்டு வந்தான். எங்க பொம்பளையளுக்கு அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் சிரிப்பு நிக்கல. அதுல இருந்து மேஸ்திரி மேஸ்திரின்னு என் பின்னாலயே சுத்துவான். வாயைத் திறந்தா 'எப்படித் தெரியும்?' இதுதான். பட்டைத்தண்ணி பக்குவமாயிருச்சும்பேன். எப்படித் தெரியும்? நாக்குல வச்சுப் பாத்தேம்பேன். சவத்துப்பய, ஒருநாளு அவனும் விரலை விட்டு நாக்குல வச்சுட்டான். அரைமணி நேரம் துப்பிக்கிட்டே கெடந்தான். கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தா இப்படித்தான்.

சாயா சொல்லட்டுமா? எலேய், ரெண்டு சாயா, சீனி ஜாஸ்தி... பேனாவைக் கீழ வைக்காதேயும், இனிமேத்தான் விசயமே வருது.

எங்க ஷாப்புல ஓடுறதெல்லாம் கப்பல்ல வர்ற சீமைப்பட்டை. தென்னாப்பிரிக்காவுல இருந்து வரும். போன வருசம், நாப்பத்தாறுல, அங்க நம்ம சனங்களைக் கேவலமா நடத்துதான்னு சர்க்காரு அந்தத் தேசத்தோட வியாபாரத்தையே வெட்டிட்டாவ. வெட்டுனது சரிதான், மானம் பெருசுல்லா. ஆனா கிடங்குல பட்டை குறைஞ்சுக்கிட்டே வருது. முதலாளி தலையில கையை வச்சுட்டாரு. இனி எந்தப் பட்டைக்குப் போறது? ரெண்டு வழி இருந்துது. ஒண்ணு, நம்ம பக்கத்து ஆவாரம்பட்டை. கோயில்பட்டியில இருந்து மூட்டை மூட்டையா ரயில்ல வரணும், வந்து உரல்ல போட்டு இடிக்கணும். இன்னொண்ணு கருவேலம்பட்டை. கல்யாணுக்கு அந்தப் பக்கம் எங்க பாத்தாலும் கெடக்கு, மில்லுக்காரனே பொடிச்சுச் சாக்குல கட்டிக் குடுத்துருவான்.

பொடிச்சுக் குடுத்துருவான். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் உரல் பக்கம் திரும்பிப் பாத்தேன்வே. எங்க ஷாப்புல பட்டை இடிக்கிற பொம்பளைய இருபத்திரண்டு பேரு. என் வீட்டுக்காரி முப்பிடாதியும் அதுல ஒருத்தி. அதுல ஆறு பேருக்குப் புருசன் கிடையாது. பட்டை பொடியா வந்துட்டா உரலுக்கு என்ன சோலி, உலக்கைக்கு என்ன சோலி, அவளுகளுக்கு என்ன சோலி? முதலாளி சொல்லத்தான் செஞ்சாரு. பொம்பளையள நான் கைவிட மாட்டேன் பிச்சையா, உப்புப் போடுறதுக்கும் மயிரு பிரிக்கிறதுக்கும் மாத்தி விடுதேன்னாரு. முதலாளிய எத்தனை சொல்லுவாவ. நான் நம்பல.

எனக்கு முடிவு அன்னைக்கே தெரியும். ஆவாரம்பட்டைதான். மஞ்சப்பூ பூத்த செடிக்கு ஈடு உண்டா? மேஸ்திரி சொன்னாச் சரின்னு அந்தக் காலத்து முதலாளின்னா மூட்டையை எறக்கியிருப்பாரு. இவரு அந்தப் பயலைத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பய சொன்னான், 'சோதிச்சுப் பாத்துடலாம் சார்'னான். சோதனை எப்படித் தெரியுமா? நாப்பது தோலு எடுக்கணுமாம். ஒவ்வொரு தோலையும் முதுகுத்தண்டு நெடுக ரெண்டா வகுந்து, ஒரு பாதி ஆவாரந்தொட்டிக்கு, ஒரு பாதி கருவேலந்தொட்டிக்கு. ஒரே மாட்டுத்தோலு, அதனால மாட்டுக்கு மாடு வித்தியாசம்னு யாரும் பேச முடியாதாம். சரி, அதுல ஒரு கூறு இருக்குன்னு நானே சொல்லுதேன். வலது பாதி எதுக்கு, இடது பாதி எதுக்குன்னு கேட்டேன். பாக்கெட்டுல இருந்து ஒரு ஓரணாவை எடுத்தான். காசைச் சுண்டணுமாம். ராஜா தலை விழுந்தா வலது பாதி ஆவாரத்துக்கு, பூ விழுந்தா இடது பாதி ஆவாரத்துக்கு.

நான் சிரிச்ச சிரிப்புல தொட்டி ஆளுக பதினஞ்சு பேரும் வேலையை விட்டுட்டு வந்துட்டானுவ. ஏவே, எங்க ஊருல பொண்ணு பாத்துட்டு மனசு ரெண்டுபட்டா, சிவப்புப்பூ ஒரு பொட்டலம் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுவாவ. அங்கன அம்மன் பாத்துக்கிட்டு இருக்கா, அது ஒரு நம்பிக்கை. இவன் ஓரணாவைச் சுண்டுறதை யாருவே பாத்துக்கிட்டு இருக்கா? அவன்கிட்டயே கேட்டேன். ஏன் சாமி, இதுக்கா கல்கத்தாவுல போயிப் படிச்சீருன்னேன். அந்தப் பயலுக்குக் கோவம் வராது, அது ஒரு சங்கடம். 'மேஸ்திரி, தோலைப் பத்தி நேக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கும். அதெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சுடக் கூடாது பாருங்கோ, அதுக்குத்தான் காசு'ங்கான். தெரியாதுன்னா தெரிஞ்சவன்கிட்ட கேக்கணும். பக்கத்துல நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன், காசைப் போயிக் கேக்கான்.

முத நாளு அவனே நின்னு எட்டுத் தோலுக்குச் சுண்டுனான். சுண்டுவான், பாப்பான், நோட்டுல எழுதுவான். ஆவாரத்துக்குப் போற பாதிக்கு வால் பக்கத்துல ஒரு ஓட்டை, கருவேலத்துக்குப் போறதுக்கு ரெண்டு ஓட்டை. எட்டாவது தோலுல சுண்ணாம்புத்தொட்டி ஆவி தலைக்கேறி மூலையில போயி வாந்தி எடுத்தான். மறுநாளு காய்ச்சல். வீட்டுல இருந்து ஆளு வந்துது, அதுகூட ஒரு கவரு, அந்தக் கவருக்குள்ள அதே ஓரணா. மிச்சம் முப்பத்திரண்டு தோலுக்கும் மேஸ்திரியே சுண்டிடட்டும், அவர் கையில விட்டா நேக்குக் கவலை இல்லைன்னு சொல்லி அனுப்பியிருந்தான். காச்சக்காரனுக்கு இருக்கிற கொழுப்பைப் பாரும்.

சாயா ஆறுது, குடியும்.

நாப்பது நாளு ஊறுச்சு. எடுத்துக் காயவச்சு எண்ணெய் போட்டு விரிச்சோம். தரம் பாக்கிறதுக்குத் தளவாய்னு ஒருத்தரை வரவச்சாவ, தோலைத் தடவுனா வெலையைச் சொல்லிருவாரு. ஓட்டை எதுக்குன்னு அவருக்குச் சொல்லல. ஒரு மாட்டுத் தோலோட ரெண்டு பாதியையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, இதுல எது ஒசத்தின்னு மட்டும் கேட்டாவ. நாப்பதுக்கும் சொன்னாரு. அந்தப் பய எண்ணுனான். ஆவாரம் ஒசத்தின்னு வந்தது முப்பத்தி மூணு, கருவேலம் ஒசத்தின்னு வந்தது ஏழு. ரெண்டு பட்டையும் ஒண்ணுன்னா, சும்மா அதிர்ஷ்டத்துல இப்படி அமையுறதுக்குப் பத்தாயிரம் தடவை சோதிச்சா ஒரு தடவைகூட வாய்ப்பு இல்லேன்னு அந்தப் பய போர்டுல எழுதிக் காமிச்சான். முதலாளி அசந்துட்டாரு.

எங்க பொம்பளையளுக்கு அன்னைக்குத் தீவாளிதான். உரலுக்குப் பொட்டு வச்சாளுக. முப்பிடாதி வீட்டுல கருப்பட்டிப் பாயசம் வச்சு இருபத்தோரு பேருக்கும் ஊத்துனா. மேஸ்திரி சொன்ன பட்டை ஜெயிச்சிருச்சுன்னு எனக்குத்தான் முத கிளாசு. நானும் குடிச்சேன்.

எட்டே நாளு. எட்டாம் நாளு முதலாளி கூப்பிட்டாரு. முகமெல்லாம் சிரிப்பு. பிச்சையா, உன் பட்டைதான் பட்டை, இனி நம்ம கம்பெனிக்கு ஆவாரத்தைத் தவிர வேற கிடையாதுன்னாரு. எனக்கு உச்சி குளுந்துபோச்சு. பொறவு சொல்லுதாரு. ஒரு மணங்கு எடை தோலுக்கு நாலு மணங்கு பட்டை வேணும். நாலு மணங்கு பட்டையை ரயில்ல இங்க ஏத்திட்டு வர்றதுக்குப் பதிலா, ஒரு மணங்கு தோலை அங்க அனுப்பிறலாமே? திண்டுக்கல்லுல என் மச்சானோட தொட்டி சும்மா கெடக்கு, ஆவாரங்காடு பக்கத்துலயே. தொட்டி வேலையை அங்க மாத்திட்டேன். இங்க உப்புப் போட்டு மூட்டை கட்ட ரெண்டு ஆளு போதும்னாரு.

உரலு போயிரும்னு பயந்தேன். இப்ப உரலும் போச்சு, தொட்டியும் போச்சு. திண்டுக்கல்லுல தொட்டிவேலைக்கு ஆளா இல்ல? என்னையும் சேத்து எங்க பதினாறு பேரையும் அங்க எவன் கூப்பிடப் போறான்? கருவேலம்னு வந்திருந்தாக்கூட ஷாப்பு இங்கனயே இருந்திருக்கும்வே. பட்டை கல்யாணுல இருந்து வரும், தொட்டி தாராவியிலயே கெடக்கும்.

அதான் இந்த மனு. கணக்கு தப்பு, கணக்குக்காரன் கோட்டி, சோதனையைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு எழுதணும். இந்தா, கைநாட்டெல்லாம் வாங்கிட்டேன். இந்தத் தாளைப் பாரும். நேத்து ராத்திரி முப்பிடாதி வீடு வீடாப் போயி மொத்தம் முப்பத்தேழு பெருவிரலு பதிச்சு வாங்கியாந்துட்டா. மேல வெத்தாத்தான் இருக்கு, நீரு எழுத வேண்டியதுதான் பாக்கி. ஒருத்தர்கூட என்ன எழுதப் போறன்னு கேக்கல. மேஸ்திரி எழுதுனாச் சரின்னு விரலை நீட்டிட்டாவ.

என்ன, பேனாவை வச்சுட்டீரு? கணக்குல எங்க தப்புன்னு எழுதணுமா... அதான் சொன்னேன்ல, காசு சுண்டுனதுதான் தப்பு. அது போதாதா? எட்டுத் தோலுக்குச் சுண்டுனது தப்புன்னா, தப்பு எப்படித் தப்பாச்சுன்னு முதலாளி கேப்பாரா? கேக்கட்டுமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு ஒரு பழமொழி போடும். இங்கிலீஷ்ல சுரைக்காய்க்கு என்ன சொல்லுவாவ... சரி, அது வேண்டாம். அவன் மாட்டையே தொட்டது இல்லேன்னு எழுதும். மாட்டுங்காவுல மாடு உண்டுமா? கோயில் வாசல்ல நிக்கிற மாட்டுக்கு அகத்திக்கீரை போட்டிருப்பான், அம்புட்டுத்தான் அவனுக்கும் மாட்டுக்கும் சம்பந்தம்.

ஏன்வே இப்படிப் பாக்கீரு? உம்ம சோலி எழுதுறது. கேக்குறது இல்ல.

...எட்டுத் தோலுக்கு அவன் சுண்டுனான்னு சொன்னேன். மிச்ச முப்பத்திரண்டுக்கு யாரு சுண்டுனாவன்னுதானே கேக்கீரு? நான்தான் சுண்டணும். என்கிட்டதான் காசு இருந்துது.

நான் சுண்டல.

கொஞ்சம் பைய பேசும், அன்னா அந்தப் பொம்பளை எங்க ஷாப்புதான்.

சுண்டல. கேளும். அந்த நாப்பது தோலு லாட்டு வடக்க கான்தேசத்துல இருந்து வந்துது. அந்த ஊருக்காரன் மாட்டை ஒரே பக்கமாச் சாய்ச்சுப் போட்டுத்தான் சூடு வைப்பான் போலிருக்கு. நாப்பதுக்கும் இடது பக்கத்துலதான் சூட்டுத்தழும்பு, உராசலும் அந்தப் பக்கந்தான். சுண்ணாம்புல இருந்து எடுத்த வெள்ளைத்தோலுல அது கண்ணுக்குத் தெரியாது, பதமாயி வந்தாத்தான் துலங்கும். ஆனா என் விரலுக்குத் தெரியுமே. தொட்டவுடனே தெரிஞ்சுபோச்சு, இடது பாதி எல்லாம் மட்டம், வலது பாதி எல்லாம் ஒசத்தி. காசு கையில இருக்கு. இருபத்திரண்டு பொம்பளைய உரல்ல இடிக்கிற சத்தம் அந்தப் பக்கம் கேக்கு. அதுல எங்க முப்பிடாதி உலக்கை போடுற சத்தம் எனக்குத் தனியாத் தெரியும். ஓரணாவை வேட்டி மடிப்புல சொருகிட்டு, முப்பத்திரண்டு வலது பாதியையும் ஆவாரத்துல போட்டேன். இடதை எல்லாம் கருவேலத்துல தள்ளுனேன். களவுன்னு எனக்குத் தோணல. நம்ம பட்டை எப்படியும் ஜெயிக்கத்தான் போவுது, கொஞ்சம் கைகொடுத்து விடுதோம், அம்புட்டுத்தான்னு நெனச்சேன்.

யானை தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்கிடும்பாவ. நான் முப்பத்தெட்டுத் தலையில போட்டுட்டேன்.

இன்னும் இருக்கு. அதையும் கேட்டுரும். முந்தாநாளு அந்தப் பய வந்தான். மூக்குல கைக்குட்டை இல்ல, இப்பல்லாம் கட்டுறது இல்ல. நோட்டைத் திறந்து காமிச்சான். மேஸ்திரி, நான் சுண்டுன எட்டுத் தோலுல ஆவாரம் நாலு, கருவேலம் நாலு, சரிபாதி. நீங்க சுண்டுன முப்பத்திரண்டுல ஆவாரம் இருபத்தொன்பது. இது நேக்கு ராத்திரி தூக்கம் வரவிடல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், காசைச் சுண்டுனேளோல்லியோ? அப்படின்னு கேட்டான்.

முப்பிடாதி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். சுண்டுனேன்னு.

அவன் என் மூஞ்சியைப் பாத்தான். பாத்துட்டு, 'சரி மேஸ்திரி, எட்டுங்கறது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, அதுல அப்படி வரலாம்'னு அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். சொல்லிட்டு நோட்டுல குறிச்சிருந்த அந்தச் சந்தேகத்தை அடிச்சான். எனக்கு அந்த இடத்துலயே தொட்டிக்குள்ள விழுந்துரலாமான்னு இருந்துது. என்னை ஏசியிருந்தா திருப்பி ஏசியிருப்பேன். போடா உன் காசும் நீயும்னு கத்தியிருப்பேன். நம்பிட்டுப் போயிட்டான்வே. அதை என்ன செய்யச் சொல்லுதீரு?

நேத்துல இருந்து ஷாப்புல அம்புட்டுப் பேரும் அவனைத்தான் ஏசுதாவ. மாட்டுங்காக்காரன் கணக்கால நம்ம குடி கெட்டுதுன்னு. தொட்டிக்காரப் பயலுவ அவன் வந்தா மேல தண்ணியை ஊத்தணும்னு பேசிக்கிட்டு இருக்கானுவ. முப்பிடாதி மண்ணை வாரித் தூத்துதா. நான் ஆமா ஆமான்னு தலையை ஆட்டுதேன். அதோட நிக்காம அவனை ஏசி மனு எழுதுதேன்னு இங்கன வந்து உக்காந்திருக்கேன். எனக்கு வெக்கமா இருக்குவே. ரொம்ப வெக்கமா இருக்கு.

இதுல இன்னொரு கூத்து தெரியுமா? எந்தப் பட்டை ஒசத்தின்னு இப்ப முதலாளிக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நாக்கை வச்சு ஆயிரம் சொல்லுவேன், ஆனா அந்த எட்டுத் தோலை என்னால மறக்க முடியல. சரிபாதி வந்துதே. கருவேலமும் அதே அளவுக்கு நல்லதுதான்னா, திண்டுக்கல்லுக்கு வேகன் எதுக்கு? உரலு நின்னாலும் எங்க பொம்பளைய உப்புக்கும் மயிருக்கும் மாறி இங்கனயே சோறு திம்பாளுக. முதலாளி அப்படித்தான் சொன்னாரு, நான்தான் நம்பல. இல்ல, ஆவாரந்தான் நெசமாவே ஒசத்தின்னா போகட்டும், அது விதி. ஆனா என் கைவேலையை நம்பி முப்பத்தெட்டுப் பேரு தெருவுல நிக்கக் கூடாது.

அந்தத் தாளைக் குடும். கைநாட்டு வச்ச தாளைத்தான். இதுல எழுத வேண்டாம். அதுக ஒண்ணும் அறியாததுக, இது அதுக விரலுக்கு மேல வர வேண்டிய எழுத்து இல்ல. கிழியும். இங்க குடும், நானே கிழிக்கேன்.

புதுத்தாள் எடும். முதலாளிக்கா? வேண்டாம். அவரு என்னை அடிக்கத்தான் வருவாரு, வேலையை விட்டுத் தூக்குவாரு, தூக்கட்டும். ஆனா இது என்னன்னு அவருக்கு வெளங்காது. பத்தாயிரத்துல ஒண்ணுன்னு போர்டுல எழுதுனவுகதான் அதை அழிக்கணும். அவுக சொன்னாத்தான் முதலாளி கேப்பாரு. மாட்டுங்காவுக்கே எழுதும். இங்கிலீஷ்லயே எழுதும், அவுக தமிழைத் தட்டித் தடவித்தான் வாசிப்பாவ. கனம் சந்திரமௌலி ஐயா அவர்களுக்குன்னு போடும். ஐயாவை விட்டுராதேயும்.

பிச்சையா எழுதிக்கொண்டதுன்னு போட்டு, நீங்க சுண்டுன எட்டுத் தோலு மட்டுந்தான் நெசம்னு எழுதும். மிச்சம் முப்பத்திரண்டையும் கணக்குல இருந்து தள்ளிருங்க, அதுல காசு சுண்டல, வலது பாதியாப் பாத்து நான் போட்டதுன்னு எழுதும். திங்கக்கிழமைக்கு முன்னால முதலாளிகிட்ட சொல்லி வேகனை நிறுத்தி, இன்னும் நாப்பது தோலு வாங்கி, நீங்களே நின்னு சுண்டுங்கன்னு எழுதும். சுண்ணாம்பு ஆவி ஒத்துக்காட்டா வெளிய நாற்காலி போட்டுத் தாறேன், நான் ஷாப்புல இருந்தா.

எழுதிட்டீரா? வாசியும், ஒருக்கா... சரி. மைப்பொட்டியை இங்கிட்டுத் தள்ளும். கீழ இந்த ஒரு விரலு போதும்.